உத்தரவைக் காட்டு!

தோழர்களே,

கொல்கத்தாவிலிருந்து எழுதுகிறேன். படித்ததும் எழுந்து ஒரு வேலை செய்ய வேண்டும், அதற்காகத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். என்ன வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி இந்த நாட்டில் எங்கே இணையம் துண்டிக்கப்பட்டாலும், எந்தத் தளம் முடக்கப்பட்டாலும், யாருடைய போனுக்குள் உளவு மென்பொருள் புகுந்தாலும், நம் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது ஒரே கேள்வி: உத்தரவு எங்கே? யார் போட்டது, எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி, கீழே யாருடைய கையெழுத்து? காட்டு!

இந்தக் கேள்விக்கு என்ன பலம் என்று கேட்பீர்கள். 2022 மார்ச்சில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மாத்யமிக் தேர்வு நேரம்; நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. மால்டா, முர்ஷிதாபாத், பீர்பூம், ஜல்பைகுரி, கூச்பிகார், உத்தர தினாஜ்பூர், டார்ஜிலிங் ஆகிய ஏழு மாவட்டங்களில் சில வட்டாரங்களைக் குறித்து, தேர்வு நாள்களில் காலை 11 மணி முதல் பிற்பகல் 3.15 வரை இணையம் கிடையாது என்று மாநில உள்துறை உத்தரவு போட்டது. உத்தரவில் தேர்வு என்ற பேச்சே இல்லை. சட்டவிரோதச் செயல்கள் நடக்கலாம் என்று உளவுத் தகவல் வந்திருக்கிறதாம். அந்த உளவுத் தகவல் தேர்வு அட்டவணையை எப்படி அவ்வளவு சுத்தமாக மனப்பாடம் செய்தது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. ஒருவர் அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மார்ச் 10 அன்று நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மீதித் தேர்வுகள் நடந்தன. வானம் இடிந்து விழவில்லை.

அந்த உத்தரவு விழுந்ததற்குக் காரணம், அது கையில் கிடைத்த காகிதமாக இருந்ததுதான். அதே மாநிலத்தில் ஐந்து ஆண்டுக்கு முன்னால், 2017 ஜூன் 18 அன்று, கூர்க்காலாந்து போராட்டத்தைக் காட்டி டார்ஜிலிங் மலையில் இணையத்தைத் துண்டித்தார்கள். திரும்பி வர நூறு நாள் ஆயிற்று. கொல்கத்தா அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? நாங்கள் கீழே சமவெளியில் உட்கார்ந்து பூஜை விடுமுறைக்கு மலைக்குப் போக டிக்கெட் கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருந்தோம். மலையில் இருப்பவர்களின் வாயைக் கட்டினால் அவர்கள் கட்டப்பட்ட செய்திகூடக் கீழே இறங்காது. துண்டிப்பின் சாமர்த்தியமே அதுதான். பாதிக்கப்பட்டவன் புகார் சொல்லும் வழியைத்தான் முதலில் அடைக்கிறார்கள். நம் தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018 மே 22 துப்பாக்கிச் சூடு, மறுநாள் மே 23 தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தம். 13 பேர் செத்துக் கிடக்கும் ஊரிலிருந்து ஒரு வீடியோ வெளியே வரக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன காரணம்?

தோழர்களே, கொல்கத்தாவுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. இந்தியாவின் முதல் செய்தித்தாளை 1780 இல் ஹிக்கி அச்சிட்டது இங்கேதான். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸை விடாமல் வம்புக்கு இழுத்து, இரண்டே ஆண்டில் அச்சுக்கருவியைப் பறிகொடுத்ததும் இங்கேதான். 1823 இல் ஜான் ஆடம் என்ற தற்காலிக கவர்னர் ஜெனரல், உரிமம் வாங்காமல் யாரும் பத்திரிகை நடத்தக் கூடாது என்று விதி போட்டார். ராம்மோகன் ராய் அப்போது மிராத்-உல்-அக்பார் என்ற பாரசீகப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். உரிமத்துக்குக் கைகட்டி நிற்பதைவிடப் பத்திரிகையை மூடுவது மேல் என்று மூடினார். அவரும் துவாரகாநாத் தாகூரும் இன்னும் நால்வரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். மனு தோற்றது. ஆனாலும் 1835 இல் மெட்காஃப் காலத்தில் அந்த விதியே போய்ச் சேர்ந்தது. பிறகு 1878 இல் லிட்டனின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம். வங்க மொழியில் வந்துகொண்டிருந்த அமிர்த பஜார் பத்திரிகா, சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப ஆங்கிலத்துக்குத் தாவியது. நெருக்கடி நிலையில் கௌர் கிஷோர் கோஷ் எழுத்துரிமை செத்துப்போனதற்குத் துக்கம் காட்டித் தலையை மொட்டை அடித்துக்கொண்டார்; மிசாவில் பிடித்துப் போட்டார்கள்.

இவற்றையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆடமின் விதி அச்சில் இருந்தது. லிட்டனின் சட்டம் கெஜட்டில் வந்தது. எதிர்த்து மனு எழுத எதிரே ஒரு தாள் இருந்தது. இன்றைக்கு? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு தளத்தை முடக்கினால், 2009 இல் போட்ட தடை விதிகளில் 16 ஆவது விதி, வந்த புகாரும் எடுத்த நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியம் என்கிறது. வெள்ளைக்காரன் வெளிப்படையாகக் கழுத்தைப் பிடித்தான். இவர்கள் பிடித்த கையையே காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

விகடன் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இதழில் ஒரு கேலிச்சித்திரம்: கை கால்களில் விலங்கோடு மோடி, பக்கத்தில் டிரம்ப். அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கிட்டு அனுப்பிய நேரம் அது. தமிழ்நாடு பாஜக தலைவர் ஒன்றிய இணையமைச்சருக்குப் புகார் அனுப்பினார். பிப்ரவரி 15 மாலை முதல் விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக, 1926 முதல் வரும் ஒரு நிறுவனத்தின் மொத்தத் தளமும்! பத்திரிகைக்காரர்களுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. நோட்டீஸ் பிறகுதான் வந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்றது. நாம் வெற்றி என்று கைதட்டினோம். எனக்கு அது அரை வெற்றியாகத்தான் பட்டது. படம் போனது போனதுதானே? 1987 இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை கொடுத்தபோது தமிழ்நாடே கொந்தளித்தது. சில நாளில் விட்டுவிட்டார்கள். ஒரு மனிதரைச் சிறைக்குள் தள்ளினால் அது தெரிகிறது. ஒரு தளம் திறக்காவிட்டால், 'நம்ம நெட்தான் ஸ்லோ போல' என்று மோடத்தை அணைத்துப் போடுகிறோம்.

கொல்கத்தாவில் ஆளையே இழுத்துப் போன கதை உண்டு. 2012 ஏப்ரல் 12 இரவு, ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மஹாபாத்ரா. சத்யஜித் ரேயின் 'சோனார் கெல்லா' படக்காட்சியை வைத்து, ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதியை விலக்கி முகுல் ராயை அப்போதைய முதல்வர் மம்தா பானர்ஜி அமர்த்தியதை நையாண்டி செய்யும் ஒரு படத்தைத் தன் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அவ்வளவுதான். ஆட்கள் சூழ்ந்து அடித்தார்கள், மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்பது அவர் புகார். கைதானவர் அவர்; கூடவே சங்கத்தின் பெரியவர் ஒருவர். போட்ட பிரிவுகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. அந்த ஆகஸ்ட்டிலேயே மாநில மனித உரிமை ஆணையம் ஆளுக்கு 50,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அரசு கேட்கவில்லை. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே குப்பையில் போட்டது. வழக்கு மட்டும் சாகவில்லை. சட்டம் செத்து ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆன பிறகு, 2023 ஜனவரியில்தான் அலிப்பூர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு மின்னஞ்சலுக்குக் கிட்டத்தட்டப் பதினோரு ஆண்டு வாய்தா.

அந்த முதல்வர்தான் 2021 ஜூலை 21 தியாகிகள் நாள் கூட்டத்தில், கேமராவின்மேல் பிளாஸ்திரி ஒட்டிய தன் போனைத் தூக்கிக் காட்டினார். பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்தி வெடித்து மூன்றாம் நாள் அது. அவருடைய சகோதரர் மகன் அபிஷேக் பானர்ஜியின் எண், கசிந்த எண்களின் பட்டியலில் இருந்தது. தேர்தல் உத்தியாளர் பிரசாந்த் கிஷோரின் போனைச் சோதித்த அம்னெஸ்டி ஆய்வகம் அதில் பெகாசஸ் தடயம் இருப்பதாகச் சொன்னது. வங்கத் தேர்தல் நேரத்திலும் அந்தப் போன் குறிவைக்கப்பட்டிருந்தது. மம்தா சும்மா இருக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகூர், ஜோதிர்மய் பட்டாச்சார்யா இருவரையும் வைத்து விசாரணை ஆணையம் அமைத்தார். இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அதைச் செய்யவில்லை. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தை நிறுத்திவைத்தது. அடுத்த மார்ச்சில் அதே அரசுதான் ஏழு மாவட்டங்களில் நெட்டை வெட்டியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார், எனக்குத் தெரியும். "இப்போ மாநில அரசைத் திட்டினா டெல்லிக்குத்தான் லாபம் தோழர்." இந்தப் பேச்சைக் கொல்கத்தாவில் நிறையக் கேட்டாயிற்று. சென்னையிலும் கேட்கிறேன். நம் முகாமைச் சேர்ந்தவர்கள் மட்டும் யோக்கியமா? 2020 நவம்பரில் கேரளத்தின் இடது முன்னணி அரசு காவல்துறைச் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, அவதூறுப் பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. நம் தோழர்களே கொதித்ததால் சில நாளில் பின்வாங்கினார்கள். அந்தக் கொதிப்பு சரி. அதே கொதிப்பு 2024 ஆகஸ்ட்டிலும் வேண்டியிருந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொடுமைக்கு நீதி கேட்டுப் பதிவிட்டவர்களை லால்பஜார் காவல் தலைமையகம் நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிட்டது. மருத்துவர்கள் ஊர்வலமாகவே போய் நின்றார்கள். 2025 மே மாதம் ஒரு சட்ட மாணவி மத வெறுப்பைக் கக்கும் வீடியோ போட்டு, பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். கொல்கத்தா போலீஸ் குருகிராம் வரை போய்க் கைது செய்தது. அவர் பேசியது எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் கைதை நான் ஆதரிக்க மாட்டேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இனி, இந்த அறைகூவலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். தடை என்பது வாயை அடைப்பது. அதைவிடக் கொடியது, உங்கள் கையை எடுத்து உங்களுக்கு எதிராக எழுதுவது.

கொல்கத்தாவுக்கு வடக்கே, நதியா மாவட்டத்து மோகன்பூரில் ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே பார்த்தசாரதி ராய் என்ற உயிரியல் அறிஞர். 2012 ஏப்ரலில் நோனாடாங்கா குடிசைகளைப் பெயர்த்ததை எதிர்த்த போராட்டத்தில் கைதாகிச் சிறைக்குப் போனவர்; அம்பிகேஷ் கைதுக்குச் சில நாள் முன்பு. 2020 ஜூனில் அம்னெஸ்டியும் டொராண்டோவின் சிட்டிசன் லேபும் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2019 இல் ஒன்பது மனித உரிமைச் செயல்பாட்டாளர்களுக்கு, நிருபர் மாதிரியும் நீதிமன்ற அலுவலர் மாதிரியும் வேடமிட்டு மின்னஞ்சல்கள் வந்திருந்தன. பெரும்பாலோர், செயல்பாட்டாளர்கள்மேல் போட்ட பீமா கோரேகான் சதி வழக்கில் சிறைப்பட்டவர்களுக்காக நின்றவர்கள். திறந்தால் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் இறங்கும். அந்த ஒன்பது பேரில் பார்த்தசாரதி ராயும் ஒருவர்.

அந்த மென்பொருள் உள்ளே போனால் என்ன ஆகும்? பீமா கோரேகான் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ரோனா வில்சனின் லேப்டாப்பை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021 இல் சொன்னதைக் கேளுங்கள். 2016 ஜூன் 13 அன்று, கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து யாரோ வில்சனுக்கு ஓர் ஆவணம் அனுப்பி, திறந்து பார் என்று வற்புறுத்துகிறார்கள். அவர் திறக்கிறார். திரையில் ஏதோ ஆவணம் தெரிகிறது. அடியில் நெட்வயர் குடியேறுகிறது. பிறகு கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு, யாரோ தொலைவில் இருந்துகொண்டு மறைவான ஒரு ஃபோல்டரைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். அந்தக் கடிதங்கள்தான் பிறகு சதிக்குச் சாட்சி. ஒரு சின்ன விஷயம் அகப்பட்டது. அந்தக் கோப்புகள் வேர்டு 2010 அல்லது 2013 இல் செய்யப்பட்டவை. வில்சனின் கணினியில் இருந்ததோ வேர்டு 2007. தன்னிடம் இல்லாத மென்பொருளில் ஒருவர் எப்படித் தட்டச்சு செய்வார்?

இன்னொரு கணினி நம் ஊர்க்காரருடையது. திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சாமி. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிக் குவளை பிடிக்க முடியாமல், உறிஞ்சு குவளைக்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்த 83 வயதுக் கிழவர். அதே வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைது. 2021 ஜூலை 5 அன்று கைதியாகவே மும்பை மருத்துவமனையில் மரணம். அதற்குப் பிறகு, 2022 டிசம்பரில், அவருடைய ஹார்டு டிஸ்க்கைப் பற்றி ஆர்சனல் அறிக்கை வந்தது. 2014 அக்டோபர் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டு அந்தக் கணினிக்குள் வேற்று ஆள் இருந்திருக்கிறான். நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 2019 ஜூன் 11 இரவு, அந்த ஆள் அவசர அவசரமாகத் தடயங்களைத் துடைக்கிறான். மறுநாள், ஜூன் 12, புனே போலீஸ் வந்து கணினியைக் கைப்பற்றுகிறது.

மறுநாள் ரெய்டு வரும் என்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. தேசியப் புலனாய்வு முகமை ஆர்சனல் அறிக்கைகளை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆர்சனல், ஹேக்கரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் சென்டினல்ஒன் நிறுவனம், பல ஆண்டாக இதே வேலையைச் செய்துவரும் ஒரு கும்பலின் செயல்பாடு இந்திய அரசின் நலன்களோடு அச்சாகப் பொருந்துகிறது என்று எழுதியது. அதே ஆண்டு ஜூனில் வயர்ட் இதழ், ஹேக் செய்யப்பட்ட கணக்குகள் சிலவற்றில் மீட்புக்கென்று சேர்க்கப்பட்டிருந்த மின்னஞ்சலும் போன் எண்ணும் புனே காவல்துறை அதிகாரி ஒருவரோடு தொடர்புடையவை என்று எழுதியது. சந்தேகம் இருக்கிறதா? நல்லது. தீர்க்க ஒரே வழி சுதந்திரமான விசாரணை. அதைத்தான் மறுக்கிறார்கள்.

பெகாசஸும் அங்கேதான் நிற்கிறது. வாங்கினாயா, இல்லையா? உச்ச நீதிமன்றத்தில் கேட்டதற்கும் ஒன்றிய அரசு நேராகப் பதில் சொல்லவில்லை, தேசப் பாதுகாப்பு என்றது. நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் இருந்த குழு 29 போன்களைப் பார்த்து ஐந்தில் தீம்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தான் என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்ட்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அறிக்கை இன்னும் உறைக்குள். 2025 ஏப்ரலில் நீதிமன்றம், நாட்டின் பாதுகாப்பைத் தொடும் அறிக்கை தெருவில் விவாதிக்கும் ஆவணமாக ஆகக் கூடாது என்ற கருத்தைச் சொன்னது. மரியாதையோடு மறுக்கிறேன். கசிந்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து திருமுருகன் காந்தி, சீமான், கு. இராமகிருட்டிணன் ஆகியோரின் எண்கள் இருந்ததாகச் செய்தி வந்தது. எண் இருந்தால் போன் தாக்கப்பட்டது என்று பொருளல்ல. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அறிக்கை வேண்டும்? தெருவில் விவாதிக்காமல் எங்கே விவாதிப்பது? 2023 அக்டோபர் 31 அன்று கிருஷ்ணநகர் எம்.பி. மஹுவா மொய்த்ரா உட்பட எதிர்க்கட்சிக்காரர்களும் பத்திரிகையாளர்களும், அரசு ஆதரவு பெற்ற தாக்குதல்காரர்கள் உங்கள் ஐபோனைக் குறிவைத்திருக்கலாம் என்ற எச்சரிக்கையை ஆப்பிளிடமிருந்து பெற்றார்கள். எந்த அரசு என்று ஆப்பிள் சொல்லவில்லை. விசாரிக்கிறோம் என்றார் அமைச்சர்.

"நாம என்ன தப்பா பண்றோம், நம்ம போனைப் பார்த்தா பார்க்கட்டுமே" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை. ஸ்டேன் சாமியும் தப்பு எதுவும் செய்யவில்லை. தப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதுதான் அறிக்கை சொல்வது.

வெளிநாட்டு அரசுகளின் தாக்குதலைக் காட்டித்தான் இந்த ரகசியம் எல்லாம் நியாயப்படுத்தப்படுகிறது. அந்த ஆபத்து நிஜம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற தீம்பொருள், மேற்கு மேதினிப்பூரில் மாநில மின்பகிர்மான நிறுவனத்தின் அலுவலகக் கணினிகள் வரை வந்து பூட்டியது. கரண்ட் பில் கட்டப் போனவர் அமெரிக்க உளவுத்துறை தயாரித்து, களவுபோய், வடகொரியா கைவசமானதாகச் சொல்லப்படும் ஓர் ஆயுதத்தின் முன்னால் நின்றார்! உளவுக்கென்று ஓர் அரசு ஒளித்து வைக்கும் ஓட்டை கடைசியில் யார் வீட்டுக் கூரையில் ஒழுகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2019 இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீம்பொருள் என்ற செய்தி வந்தது. அக்டோபர் 29 அன்று, பொய்ச் செய்தி என்று அறிக்கை. அடுத்த நாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்துவிட்டது. உலையைச் சுற்றி வாழும் இடிந்தகரை மக்களுக்கு இரண்டு மாதமாக ஒரு சொல் இல்லை. குடிமக்களின் போனுக்குள் புகுவதில் காட்டும் சுறுசுறுப்பை அங்கே காட்டினால் என்ன?

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே பாடுதான். தமிழ்நெட் தளம் 2007 ஜூனில் இலங்கையில் முடக்கப்பட்டது. வன்னியில் என்ன நடக்கிறது என்று அந்நாட்டுக்குள் இருப்பவர்களே பார்க்க முடியாத ஆண்டுகள் அவை. அன்று தெற்கே கவலைப்பட்டவர்கள் சொற்பம். 2022 ஏப்ரல் 3 அன்று கோத்தபய அரசு சமூக ஊடகங்களை அடைத்தபோது கொழும்புக்கும் சுட்டது.

ஆகவே, தோழர்களே, வேலைக்கு வருவோம்.

போராட்டத்துக்கு முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். ஊருக்கு இருவராவது ஊனி என்ற செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளம் எந்த நிறுவனத்தின் இணைப்பில் முடக்கப்பட்டிருக்கிறது என்று சோதித்து, நேரத்தோடு பொதுவெளியில் பதிவு செய்யும். இது ஏன் முக்கியம் என்றால், ஜியோ ஒரு விதமாக அடைக்கும், ஏர்டெல் வேறு விதமாக அடைக்கும். தளத்தின் பெயரைத் தேடும்போதே பொய் முகவரி கொடுப்பது ஒரு வழி, இணைப்புத் தொடங்கும்போது பெயரை எட்டிப்பார்த்து அறுப்பது இன்னொன்று. அதனால் ஒரே தெருவில் ஒருவருக்குத் திறக்கும், பக்கத்து வீட்டுக்குத் திறக்காது. அந்தக் குழப்பத்தில்தான் அரசு ஒளிந்துகொள்கிறது. பதிவு இருந்தால் ஒளிய முடியாது. ஆனால் ஒன்று: சோதிப்பவர் யார், எங்கிருந்து என்பது ஓரளவு தெரியக்கூடும், ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், வெளியே இருப்பவர்கள் செய்யட்டும்.

வழக்கறிஞர் தோழர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒருவரின் போனையோ லேப்டாப்பையோ கைப்பற்றும்போது அந்த இடத்திலேயே ஹேஷ் எண் எடுக்கச் சொல்லி நில்லுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அது பதிவாகியிருந்தால் பிறகு உள்ளே எதை வைத்தாலும் மறைக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவுச் சான்றிதழிலேயே அதற்கு இடம் இருக்கிறது. சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டங்களை நாம் எதிர்த்தோம், சரி. அதிலேயே நமக்கு உதவும் வரியை ஏன் விட வேண்டும்? எண் கொடுக்க மறுத்தால், மறுத்தார் என்று மகஜரில் எழுதச் சொல்லுங்கள். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: தெரிந்தவர் பெயரில் வந்தாலும், கோப்பைத் திறக்கும் முன் ஒரு போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேளுங்கள். ஐபோன் வைத்திருக்கும் முன்னணித் தோழர்கள் லாக்டவுன் மோடை இன்றே போடுங்கள்.

கடைசியாக, காகிதம். இணையத்தை முடக்கும் உத்தரவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மறுஆய்வுக் குழு ஐந்து நாளில் கூடிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நடக்கிறதா? 2021 டிசம்பரில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின்படி, நாட்டில் எங்கே எத்தனை முறை துண்டித்தோம் என்ற கணக்கே தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை, உள்துறையிடமும் இல்லை. கணக்கை நாம் எழுதுவோம். எந்த ஊரில் நெட் போனாலும் அன்று மாலைக்குள் தகவல் உரிமை மனு எழுதப்பட வேண்டும். துண்டிப்பு என்றால் மாநில உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு; தளத் தடை என்றால் ஒன்றிய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு. உத்தரவின் எண், தேதி, கையெழுத்திட்டவரின் பதவி, காரணம், மறுஆய்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். ஒருவர் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள்; ஐம்பது பேர் தனித்தனியாகப் போடுங்கள். மாலை நேரத்தில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

மறுப்பார்கள். தேசப் பாதுகாப்பு என்று எழுதி அனுப்புவார்கள். அந்த மறுப்பும் எண்ணும் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு காகிதம்தான். உயர் நீதிமன்றத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம். முப்பது நாளில் பதிலே வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஒன்றிய அரசுத் துறைகளில் அதற்குக் கட்டணம் கிடையாது.